கட்டுரையில் யார் பெயரைப் போடுவது? ஆய்விதழ் நெறிகள் பற்றிச் சிங்கப்பூர் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

பகலில் நான் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை திருத்துகிறவன். வேலை முடிந்து யீஷூன் போகும் ரயிலில் உட்கார்ந்தால் வாட்ஸ்அப்பில் கேள்விகள் காத்திருக்கும். தமிழாசிரியர்கள், பகுதிநேரமாக முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவர்கள், ஓய்வுபெற்ற பிறகு ஆய்வில் இறங்கியவர்கள் என்று பல பேர் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

“மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, தங்கள் மேலான கட்டுரையை அனுப்புங்கள், 7 நாளில் வெளியிடுகிறோம்” என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நம்பலாமா?

நீங்கள் பேராசிரியர் இல்லை, தொடக்கப்பள்ளி ஆசிரியர் என்றால் முதல் வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பதிலுக்கு அந்த இதழின் கடைசி வெளியீட்டைத் திறந்து பாருங்கள். போன வருடம் ஓர் ஆசிரியை தேக்காவில் காப்பிக் கடையில் உட்கார்ந்து இப்படி வந்த அழைப்பு ஒன்றைக் காட்டினார். இதழின் பெயரில் ‘பன்னாட்டு’, ‘பன்முக’, ‘உயர்’ என்று மூன்று அடைமொழிகள். கட்டணம் 1,800 ரூபாய். அங்கேயே கைப்பேசியில் திறந்தோம். கண்ணகி பற்றிய கட்டுரைக்கு அடுத்ததாகக் கோழித் தீவனம், அதற்கடுத்து வங்கிகளில் வாடிக்கையாளர் மனநிறைவு. அலுவலக முகவரியை வரைபடத்தில் தேடினால் ஒரு டயர் கடையின் மாடி. தே தாரிக் ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது.

7 நாளில் நேர்மையான மதிப்பீடு நடக்காது. கட்டுரையைப் படிக்க ஒப்புக்கொள்ளும் இரண்டு பேரைப் பிடிக்கவே எங்களுக்குச் சில சமயம் ஒரு மாதம் ஆகிறது. படித்து, எழுதி, திருத்தம் கேட்டு, திருத்தியதை மறுபடி பார்த்து என்று மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். அதுவே வேகம் என்போம்.

இது இந்தியாவிலோ தமிழிலோ மட்டும் நடக்கும் கூத்து என்று நினைக்க வேண்டாம். 2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், இல்லாத ஆய்வாளர்களின் பெயரில் பிழை மலிந்த ஒரு புற்றுநோய்க் கட்டுரையை 304 திறந்த அணுக்க (யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய) இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொன்னது. மதிப்பீடு நடக்கிறது என்று ஏமாற்றியதும் கட்டணத்தை மறைத்ததும் அதில் முக்கியமான குற்றச்சாட்டுகள்.

ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே? ‘யுஜிசி கேர்’ என்றும் போட்டிருக்கிறார்களே?

ஐஎஸ்எஸ்என் என்பது இதழுக்குத் தரும் அடையாள அட்டை எண் மாதிரி. ஆள் இருக்கிறார் என்று சொல்லும், நல்லவரா என்று சொல்லாது. யுஜிசி கேர் என்ற தரமான இதழ்களின் பட்டியலை இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2025இல் கைவிட்டுவிட்டது. இன்னும் அதைக் காட்டி வியாபாரம் செய்பவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்படியானால் பணம் கேட்டாலே போலியா?

இல்லை. படிப்பவரிடம் காசு வாங்காத இதழ், எழுதுபவரிடமோ அவருடைய பல்கலைக்கழகத்திடமோ வாங்குவது உலக வழக்கம்தான். ‘நேச்சர்’ இதழ் 2020இல் இப்படி ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று அறிவித்தபோது எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அது அச்சுப்பிழை என்றே நினைத்தார். அந்தத் தொகை நியாயமா என்பது தனிச் சண்டை. ஆனால் அதைக் கதவிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள்.

கட்டணம் முன்கூட்டியே தெரிகிறதா, கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். “ஏற்கப்பட்டது” என்ற கடிதத்துடனேயே கூகுள் பே எண்ணும் வந்தால், அப்புறம் என்ன, தெரிந்ததுதான். காசே வாங்காமல் பல்கலைக்கழகத் துறைகள் நடத்தும் இதழ்களும் உண்டு. ‘டோஆஜ்’ என்ற திறந்த அணுக்க இதழ்களின் அடைவில் தேடினால் கட்டணம் உண்டா இல்லையா என்றே போட்டிருக்கும்.

என்னைக் கேட்காமலே ஓர் இதழின் ஆசிரியர் குழுவில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பெருமைதானே?

சிங்கப்பூர்த் தமிழருக்கு இது தனி ஆபத்து. தமிழ்நாட்டில் ஒரு கருத்தரங்கம் ‘பன்னாட்டு’க் கருத்தரங்கம் ஆக வேண்டுமென்றால் இலங்கையிலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவர் வேண்டும். இதழுக்கும் அதே சமையல்தான். நாம் கறிவேப்பிலை.

ஒரு கட்டுரையைக்கூட உங்களிடம் காட்டாத இதழில் உங்கள் பெயர் இருந்தால், அந்த இதழ் செய்வதற்கெல்லாம் நீங்கள் சாட்சி. நீக்கச் சொல்லி மின்னஞ்சல் எழுதுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். நீக்காவிட்டால் உங்கள் பல்கலைக்கழகப் பக்கத்திலோ லிங்க்ட்இன் பக்கத்திலோ ஒரு வரி: “இந்த இதழோடு எனக்குத் தொடர்பில்லை.”

மேற்பார்வையாளர், துறைத்தலைவர், தரவு திரட்ட உதவிய தோழி: யார் யார் பெயரைப் போட வேண்டும்? ஐயா பெயரைப் போடாவிட்டால் மரியாதைக் குறைவு இல்லையா?

நான் அதிகம் பதில் சொன்னதும் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இந்தக் கேள்விக்குத்தான்.

நம்மவர்கள் கட்டுரையில் பெயர் போடுவதைக் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவதாக நினைக்கிறார்கள். பெரியப்பா பெயர் விட்டுப்போனால் பந்தியில் உட்கார மாட்டார். அதனால் யாரையும் விடுவதில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரையில் பெயர் என்பது வங்கிக் கடனுக்குப் போடும் ஜாமீன் கையெழுத்து. நாளைக்குத் தரவில் ஓட்டை என்று தெரிந்தால் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டும்.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும் அல்லது பொருள் உணர்ந்து திருத்தியிருக்க வேண்டும். வெளியாகும் வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கத் தயாராக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று போதாது, நான்கும் வேண்டும். தமிழ்த்துறை இதழ்கள் இதை எழுதி வைத்திருப்பது அபூர்வம். ஆனால் அளவுகோல் எங்கும் பொருந்தும். அறை கொடுத்தவர், நிதி வாங்கித் தந்தவர், துறைத்தலைவராக இருப்பவர் என்பதெல்லாம் நன்றியுரைக்கு உரியவை.

2020 மே மாதம் ‘லான்செட்’ இதழில், கொவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பது பற்றி 96,000 பேரின் தரவோடு ஒரு கட்டுரை வந்தது. உலகச் சுகாதார நிறுவனமே அதைப் பார்த்துத் தன் பரிசோதனையின் அந்தப் பகுதியைச் சிறிது காலம் நிறுத்தியது. இரண்டே வாரத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நான்கு ஆசிரியர்களில் மூன்று பேர், மூலத்தரவின் நம்பகத்தன்மைக்குத் தங்களால் இனி உறுதி சொல்ல முடியாது என்றார்கள். தரவு நான்காமவரின் நிறுவனத்திடம் இருந்தது, தனிச் சரிபார்ப்புக்கு அது கைக்கு வரவில்லை. பெரிய பெரிய மருத்துவர்கள்தான். கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் ஜாமீன் போட்டிருந்தார்கள்.

சரி, ஐயாவிடம் எப்படிச் சொல்வது? சொல்லவே வேண்டாம், கேளுங்கள். எழுதத் தொடங்கும் முன்பே கேளுங்கள். ‘கிரெடிட்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கருத்துருவாக்கம், தரவு திரட்டல், முதல் வரைவு, மேற்பார்வை என்று 14 பணிகள். என் தோழி ஒருத்தி அதை அச்செடுத்துக்கொண்டு போய், “ஐயா, இதில் எந்தெந்தப் பணிக்கு உங்கள் பெயரை எழுதட்டும்?” என்று கேட்டாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். சிரித்தார். “நன்றியுரையில் போடும்மா” என்றார். அதோடு விடவில்லை, அடுத்த வாரம் வரைவை வாங்கி மூன்றாம் பகுதியைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு அவர் பெயர் உள்ளே வரத் தகுதி வந்துவிட்டதா என்று நாங்கள் இருவரும் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டோம். கடைசியில் அவளே மறுபடி போய்க் கேட்டாள், இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டாள்.

எல்லா ஐயாவும் இப்படி இருக்க மாட்டார்கள், எனக்கும் தெரியும். மறுத்தால் பட்டமே நின்றுபோகும் நிலையில் இருப்பவரிடம் வீரம் காட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட தேதியையும் வந்த பதிலையும் எழுதி வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 40 மணி நேர ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, வகைப்படுத்தி, “இந்த இரண்டு பிரிவும் ஒன்றுதானே” என்று சொல்லி ஆய்வையே திருப்பிய உதவியாளரின் பெயர் எங்கேயும் இருக்காது. ஐயா பெயரைச் சேர்ப்பதைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள், என் கட்டுரை 12 விழுக்காடு மற்றவற்றோடு பொருந்துகிறது என்கிறது. அது எழுத்துத் திருட்டா?

எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேற்கோள்களும் நூற்பட்டியலுமே 12 விழுக்காடு வந்துவிடலாம். 3 விழுக்காட்டில் ஒரு பத்தி முழுக்கத் திருடியதாகவும் இருக்கலாம். எந்தப் பத்தி, எங்கிருந்து, மேற்கோள் குறி உண்டா என்று மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் இன்னொரு வேடிக்கை. பழைய கட்டுரைகள் பல பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃப். நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லே அதற்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதோடு ஒப்பிட்டால் பொருத்தம் சுழியம் என்றுதான் வரும். வருடிப் போட்ட பழைய நூல்களுக்கும் ஏறக்குறைய அதே கதி. ஆகவே தமிழ்க் கட்டுரைக்குச் சுழியம் விழுக்காட்டுச் சான்றிதழைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் நான் பேசாமல் தேநீர் குடிப்பேன்.

நான் பிடித்த திருட்டு ஒன்றைச் சொல்கிறேன். நண்பர் கேட்டதால் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் 147 என்றிருந்தது. நூலை எடுத்துப் பார்த்தால் அது 174. தட்டச்சுப் பிழை, யாருக்கும் வருவதுதான். ஆனால் அதே 147, அதே மேற்கோளுக்கு, பத்து வருடம் பழைய இன்னொரு கட்டுரையிலும் இருந்தது. அடுத்த நான்கு பத்திகளும் கூடவே வந்திருந்தன.

என் சொந்தக் கட்டுரையிலிருந்து நானே எடுத்தால்?

‘கூறியது கூறல்’ நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. இன்றைய இதழ்களும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன. ஆய்வு முறையை விளக்கும் பத்தி ஓரளவு திரும்ப வரலாம். முடிவுகளைப் புதியது போலக் காட்டக் கூடாது. கருத்தரங்க மலரில் வந்ததை விரித்து எழுதுகிறீர்களா? முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லிச் செய்தால் வளர்ச்சி, சொல்லாமல் செய்தால் ஏமாற்று. ஓர் ஆய்வை ஐந்து துண்டாக்கி ஐந்து கட்டுரை போடுவதும் இதே ரகம்தான்.

ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா?

கூடாது. ஒன்றிலிருந்து எழுத்தில் விலக்கிக்கொண்டு அடுத்ததற்கு அனுப்புங்கள்.

மதிப்பீட்டாளர் யாரென்று ஏன் சொல்வதில்லை?

பயமில்லாமல் குறை சொல்லட்டும் என்பதற்காக. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானின் பெயரையே சொல்லிவிடுகிறது. பாண்டியன் அவையில், எல்லாரும் பார்க்க நடந்த மதிப்பீடு. இன்றும் சில இதழ்கள் மதிப்பீட்டாளர் பெயரோடு அறிக்கையை வெளியிடுகின்றன. தமிழாய்வில் இரட்டை மறைப்பு (எழுதியவரும் மதிப்பிடுபவரும் ஒருவரையொருவர் அறியாத முறை) என்று சொல்லிக்கொண்டாலும், தலைப்பைப் பார்த்தவுடன் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். ஆள் அவ்வளவு குறைவு. தெரிந்தவர் கட்டுரை, அல்லது சண்டை போட்டவர் கட்டுரை வந்தால் இதழாசிரியரிடம் சொல்லி விலகுவதுதான் ஒழுங்கு.

மதிப்பீட்டையே போலியாக்கியவர்களும் உண்டு. “இவர்களை மதிப்பீட்டாளராகக் கேளுங்கள்” என்று உண்மையான பெயரைத் தந்து, பொய் மின்னஞ்சல் முகவரியை எழுதிவிடுவது. கடிதம் கட்டுரைக்காரருக்கோ அவருக்காக வேலை செய்யும் தரகருக்கோ வந்து சேரும், பாராட்டும் அங்கிருந்தே கிளம்பும். 2017இல் ‘டியூமர் பயாலஜி’ இதழின் 107 கட்டுரைகள் இப்படிப்பட்ட மோசடிக்காக ஒரே வீச்சில் திரும்பப் பெறப்பட்டன. 2023இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டவை 10,000ஐத் தாண்டின. அவற்றில் 8,000க்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. காசு வாங்கிக் கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் ‘ஆலை’கள் புகுந்த கதை அது.

சாட்ஜிபிடியிடம் உதவி வாங்கலாமா?

மொழி திருத்தக் கேட்கலாம், கேட்டதைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் பல இதழ்களின் நிலை. அதை ஆசிரியராகப் போட முடியாது. கோப் என்று சுருக்கி அழைக்கப்படும் வெளியீட்டு நெறிக்குழு 2023இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. காரணம், மேலே சொன்ன ஜாமீன்தான்: பொறுப்பேற்க முடியாதவரின் கையெழுத்து செல்லாது.

தமிழில் எச்சரிக்கை இரண்டு மடங்கு வேண்டும். அண்மையில் பார்த்த ஒரு வரைவில் புறநானூறு 437ஆம் பாடல் என்று ஓர் அடிக்குறிப்பு. புறநானூற்றில் இருப்பதே 400தான். பாடல் வரிகள் நான்கும் ஓசையோடு, கேட்க இனிமையாக இருந்தன. எழுதியவர் வெட்கத்தில் குறுகிவிட்டார், திட்ட மனம் வரவில்லை.

மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையைச் சாட்ஜிபிடி போன்ற செயலியில் ஏற்றுவதைப் பல இதழ்கள் தடை செய்திருக்கின்றன. அது பிறர் உங்களை நம்பிக் கொடுத்தது. இதற்கு மறுபக்கமும் முளைத்துவிட்டது. சிங்கப்பூர் உள்பட 8 நாடுகளின் கல்வி நிறுவனங்களிலிருந்து வந்த, இதழில் வருமுன் இணையத்தில் போடும் சில முன்வரைவுகளில், “நல்லதாக மட்டுமே மதிப்பிடு” என்று செயலிக்கு இட்ட கட்டளை வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக ஒளிந்திருந்ததை 2025இல் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் வெளியிட்டது. படிக்காமல் செயலியில் போடும் மதிப்பீட்டாளருக்கு வைத்த பொறி என்று சிலர் நியாயம் சொன்னார்கள். பொறி வைப்பவர் “நல்லதாக” என்று ஏன் எழுத வேண்டும்?

என் வகுப்பு மாணவர்களைப் பேட்டி கண்டு எழுதினேன். அனுமதி வேண்டுமா?

வேண்டும், முன்னாலேயே. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு ஒப்புதல், பள்ளியில் தரவு திரட்டக் கல்வி அமைச்சின் அனுமதி, பெற்றோர் சம்மதம். முடித்த பிறகு பின்தேதியிட்டு எந்தக் குழுவும் தராது. “என் பிள்ளைகள்தானே, சந்தோஷமாகப் பேசினார்கள்” என்பார்கள். ஆசிரியர் கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? சிக்கலே அங்கேதான்.

பெயரை மாற்றினால் போதும் என்பதும் இங்கே செல்லாது. சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் ஏறக்குறைய 9 விழுக்காடுதான். “பஃபளோ ரோட்டில் முப்பது வருடமாகப் பூ கட்டும், மகன் இசைக்கலைஞராக உள்ள பெண்மணி” என்று எழுதினால் பெயர் எதற்கு? அடுத்த வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போகிறவர் அவரிடமே கேட்டுவிடுவார். எத்தனை வருடம், எந்தத் தெரு, மகனின் தொழில் இவற்றில் ஆய்வுக்குத் தேவைப்படாததை எடுத்துவிடுங்கள். மீதியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

‘சிங்கப்பூர் அறிக்கை’ என்று மேற்கோள் காட்டுகிறார்களே, அது அரசாங்கச் சட்டமா?

இல்லை. 2010 ஜூலையில் ஆய்வு நேர்மைக்கான இரண்டாம் உலக மாநாடு இங்கே நடந்தது. 51 நாட்டுக்காரர்கள் வந்தார்கள். அதிலிருந்து பிறந்தது நான்கு கொள்கையும் 14 பொறுப்புகளும் கொண்ட சிறிய அறிக்கை. படிக்க ஐந்து நிமிடம் ஆகாது. நம் ஊர்ப் பெயரை உலகமே மேற்கோள் காட்டுகிறது, நம்மில் படித்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வெளிவந்த என் கட்டுரையில் நானே பிழை கண்டுபிடித்தேன். வாயை மூடிக்கொள்வதா?

எழுதுங்கள். முடிவு மாறாத பிழைக்குத் திருத்தக் குறிப்பு, முடிவே ஆட்டம் காணும் பிழைக்குத் திரும்பப் பெறுதல். தானே முன்வந்து திரும்பப் பெற்றவரை நான் பார்த்த வரையில் யாரும் கேலி செய்யவில்லை. தாமதம்தான் கெடுதல் செய்கிறது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 12 பிள்ளைகளை வைத்து 1998இல் வந்தது. ‘லான்செட்’ அதை முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடையில் போன 12 வருடத்தில் அந்தப் பயம் வீடு வீடாகப் போய்விட்டது. இன்றும் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றுகிறது.

என் கட்டுரையை ஒருவர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். ஃபேஸ்புக்கில் கிழிக்கட்டுமா?

கை அரிக்கும், பொறுங்கள். இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்த பகுதிகளுக்கு மஞ்சள் பூசி, தேதிகளோடு அந்த இதழின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். ‘திருடன்’ என்ற சொல் வேண்டாம், மஞ்சளே பேசும். இதழ் கோப் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பினர் என்றால் இப்படிப்பட்ட புகாரை எப்படி விசாரிப்பது என்று படிப்படியான வரைபடம் அவர்களிடம் இருக்கும். இதழ் அசையாவிட்டால் கோப்பிடமே முறையிடலாம். உறுப்பினர் இல்லையென்றால் அவர் வேலை செய்யும் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். பதில் வர மாதங்கள் ஆகும்.

தெரியாமல் ஒரு போலி இதழில் ஏற்கெனவே போட்டுவிட்டேன். இனி என்ன?

காசு இன்னும் கட்டவில்லை, உரிமைப் படிவத்தில் கையெழுத்தும் போடவில்லை என்றால் எழுத்தில் விலக்கிக்கொள்ளுங்கள். “விலக்குக் கட்டணம்” கேட்பார்கள், இது பழைய உத்தி. கொடுக்காதீர்கள். வெளியாகிவிட்டது என்றால் பெரும்பாலும் கட்டுரை போனது போனதுதான். அதையே வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டை வெளியீடு. சில நல்ல இதழ்கள் நடந்ததை முழுதாகச் சொன்னால் பரிசீலிக்கின்றன, இதழாசிரியருக்கு முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். தற்குறிப்பில் அந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று தயங்குகிறவர்களுக்கு: உங்கள் மேற்பார்வையாளரிடம் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். டயர் கடை மாடியில் இருந்த அந்த இதழில் நானும் 2012இல் ஒன்று போட்டிருக்கிறேன் என்று அந்த ஆசிரியையிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவர் படிப்பார்.